ஐஎம்எஸ்எல்பி இசைத்தாள் நூலகம்: மார்த்தாண்டத்திலிருந்து 11 வருஷப் பயன்பாடு

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சபையில் பாடகர் குழுவை நடத்துகிறேன். மொத்தம் 28 பேர். ஸ்டாஃப் நோட்டேஷன் பார்த்துப் பாடத் தெரிந்தவர்கள் ஒன்பது பேர்தான், மற்றவர்கள் காதால் பிடித்துக்கொள்பவர்கள். அந்த ஒன்பது பேருக்குத் தாள் கொடுப்பதே முன்பு பெரும்பாடு. எங்களிடம் இருந்ததெல்லாம் ஜெராக்ஸின் ஜெராக்ஸ். டெனர் குரலுக்கான வரியில் இருப்பது ஷார்ப் குறியா, கொசு நசுங்கிய கறையா என்று தெரியாது.

2014-ல் ஐஎம்எஸ்எல்பி தளத்துக்கு வந்தேன். பதிப்புரிமை தீர்ந்த இசைத்தாள்களை ஸ்கேன் செய்து இலவசமாகத் தரும் நூலகம் அது. எட்வர்ட் குவோ என்ற மாணவர் 2006-ல் தொடங்கியது. அப்போது அதன் சர்வர் இருந்தது கனடாவில். பெட்ரூச்சி நூலகம் என்று இன்னொரு பெயரும் உண்டு. 1501-லேயே வெனிஸில் இசைத்தாள் அச்சடித்தவர் பெட்ரூச்சி. சந்தா கட்டாதவர்கள் ஒவ்வொரு தாளுக்கும் 15 விநாடி காத்திருக்க வேண்டும். எனக்கு அது பெரிய விஷயமில்லை, ஒரு வாய் சாயா குடிக்கிற நேரம்.

தாள் கிடைப்பது எளிது. அதை மற்றவர்களோடு பகிரலாமா என்பதில்தான் குழப்பம். நானே ஒருமுறை வசமாக மாட்டியிருப்பேன்.

2016 கிறிஸ்துமஸுக்கு இசையமைப்பாளர் ஹாண்டலின் 'மெசையா'வில் சில பகுதிகள் பாடுவதாக இருந்தோம். குழுவில் ஒரு பழைய புத்தகம் இருந்தது. அதை முழுக்க ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றினால் பக்கத்துச் சபைகளுக்கும் உதவுமே என்று நினைத்தேன். எங்கள் பேஸ் பாடும் பெரியவர் ஒரே போடாகப் போட்டார்: "ஹாண்டல் செத்து இருநூத்தம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு மக்கா. எவன் வந்து கேக்கப் போறான்?" எனக்கும் சரியென்றுதான் பட்டது. நாகர்கோவிலில் கீபோர்டு சொல்லிக்கொடுக்கும் ஒரு டீச்சரிடம் காட்டினேன். அவர் அட்டையைப் பார்க்கவே இல்லை. முதல் பக்கத்தைப் புரட்டி, "மேல இருக்க பேர விடு. அடியில சின்ன எழுத்துல என்ன போட்டிருக்குன்னு வாசி" என்றார்.

வாட்கின்ஸ் ஷா என்று இருந்தது. பதிப்பாசிரியர். ஹாண்டல் இறந்தது 1759-ல், ஷா இறந்தது 1996-ல். இந்தியாவில் ஒருவர் இறந்த பிறகு 60 வருஷம் கணக்கு. அப்படியானால் ஷா செய்த வேலைக்கு 2056 முடியும்வரை உரிமை இருக்கிறது. ஹாண்டல் எழுதிய சுரம் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதற்குக் கீழே ஓடுகிற பியானோ சுருக்கமும் (வாத்தியக் குழு வாசிப்பதைப் பியானோவுக்குச் சுருக்கி எழுதியது) பதிப்பாசிரியர் சேர்த்த குறிகளும் ஷாவுடையவை. பிரிட்டனில் பக்கத்தின் அச்சமைப்புக்கே தனியாக 25 வருஷ உரிமை உண்டு.

அப்புறம் ஐஎம்எஸ்எல்பியில் தேடி எபனேசர் பிரவுட் பதிப்பை எடுத்தேன். 1902-ல் வந்தது, பிரவுட் 1909-லேயே போய்விட்டார். அதற்கு எந்த ஊரிலும் தடையில்லை. பக்க எண்கள் மாறிப்போனதால் ஆல்ட்டோக்காரர்கள் ஒரு மாதம் என்னைத் திட்டினார்கள். அது வேறு கதை.

நாடு மாறினால் கணக்கும் மாறும். இந்தத் தளமே அதில் அடிபட்டிருக்கிறது. 2007-ல் வியன்னாவில் இசைத்தாள் வெளியிடும் யுனிவர்சல் எடிஷன் நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. அப்போது கனடாவில் இறந்து 50 வருஷம், ஐரோப்பாவில் 70. கனடாவில் உரிமை தீர்ந்த தாளை ஐரோப்பாவில் உட்கார்ந்தும் இறக்கலாமே என்பதுதான் சண்டை. ஒரு மாணவரால் என்ன செய்ய முடியும்? அக்டோபரில் மூடிவிட்டார், 2008 ஜூன் கடைசியில்தான் திரும்பத் திறந்தது. கனடாவும் 2022 கடைசியில் 70-க்குப் போய்விட்டது. நல்லவேளை, அதற்கு முன் உரிமை தீர்ந்தவற்றைத் தொடவில்லை.

இதன் சூடு நம் வீட்டுக்குள்ளும் வரும். ஆங்கில இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் இறந்தது 1958-ல். 2019 பிறந்ததிலிருந்து இங்கே நான் அவருடைய தாளைத் தாராளமாகப் பகிரலாம். இங்கிலாந்தில் இருக்கும் என் மச்சானோ 2028 முடியக் காத்திருக்க வேண்டும். அவர் குழுவுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார், மறுத்துவிட்டேன். கொஞ்ச நாள் போனை எடுக்கவில்லை.

சபையில் பாடுவதற்கே பயப்படுகிறவர்கள் உண்டு. அது தேவையில்லை. ஆராதனையில் பாடுவதற்கு இந்தியச் சட்டமே விலக்கு தருகிறது. ஜெராக்ஸுக்கும் இணையத்தில் ஏற்றுவதற்கும்தான் அந்த விலக்கு வராது.

நாங்கள் பாடிய 'மெசையா'வின் 'அல்லேலூயா'வைப் போனில் பிடித்து ஒரு காணொளித் தளத்தில் போட்டபோது, ஒரு மணி நேரத்தில் யாரோ உரிமை கோரினார்கள். ஏதோ ஒரு இசைத்தட்டோடு ஒத்துப்போகிறதாம். கணினி செய்த வேலை. எங்கள் சோப்ரானோ சுருதி இறங்கிப் பாடியதையும் மீறி ஒத்துப்போனது என்றால் அது பாராட்டுதான். எந்தப் பதிப்பு, பாடியது யார் என்று மறுப்பு எழுதினேன். மூன்று வாரம் கழித்து விட்டுவிட்டார்கள்.

இப்போது ஐஎம்எஸ்எல்பிக்கு நானும் ஏதாவது திருப்பிக் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன். என் பாட்டியின் பாட்டுப் புத்தகத்தில் ஒரு ஞானப்பாட்டு. மெட்டு 1800-களின் ஆங்கில மெட்டு, சிக்கலில்லை. நாலு குரலுக்கும் நானே எழுதிவிட்டேன். தமிழ் வார்த்தைகளில்தான் நிற்கிறது. மொழிபெயர்த்தவர் பெயர் இல்லை. பெயரில்லாத படைப்புக்கு வெளியான வருஷத்திலிருந்து 60 எண்ண வேண்டும். அந்த வருஷம் இருக்க வேண்டிய முதல் தாளைச் செல் அரித்துவிட்டது. குலசேகரத்தில் ஒரு வீட்டில் இன்னொரு பிரதி இருக்கிறது என்கிறார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து போய்ப் பார்க்க வேண்டும்.