சாப்பாடு அருமை, பரிமாறியவர் அதைவிட அருமை, அந்தக் கார்டு மெஷின்தான் உறுத்துகிறது

சிங்கப்பூரில் தேக்கா பக்கம், சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் சின்னத் தெருக்களில் ஒன்றில் இருக்கிற வாழையிலைச் சாப்பாட்டுக் கடையைப் பற்றி எழுதுகிறேன். பெயரைப் போடவில்லை. எங்களுக்குப் பரிமாறியவர் சொன்ன ஒரு விஷயம் இதில் வருகிறது. பெயரைப் போட்டால் சொன்னது யார் என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆகாது. பிழைக்க வந்த இடத்தில் என்னால் அவருக்கு ஒரு கஷ்டம் வரக்கூடாது.

முதலில் சாப்பாடு. மீன் தலைக் கறிதான் இந்தக் கடைக்குப் போவதற்கே காரணம். நல்ல பெரிய இக்கான் மேரா (சிவப்பு மீன்) தலை, வெண்டைக்காயும் கத்திரிக்காயும் குழையாமல் கிடக்கின்றன, புளி முன்னே வந்து காரம் பின்னால் வருகிறது, கன்னத்துச் சதையைப் பிய்த்து எடுத்தால் மசாலா உள்வரைக்கும் இறங்கியிருக்கிறது. சில கடைகளில் குழம்பை மட்டும் கொதிக்கவைத்து, தலையைத் தனியாக வேகவைத்து, கடைசியில் இரண்டையும் சேர்த்துவிடுவார்கள், வாயில் வைத்ததுமே தெரிந்துவிடும். இங்கே அப்படி இல்லை. மட்டன் சுக்கா சுமார், கொஞ்சம் காய்ந்திருந்தது. இலைச் சாப்பாட்டில் ஒரு கூட்டு, ஒரு பொரியல், அப்பளம், சாம்பார், ரசம், மோர். ரசம் மட்டும் இன்னொரு முறை கேட்டு வாங்கிக் குடித்தோம்.

பரிமாறியவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அம்மாவுக்கு இப்போது காரம் ஆகாது. அதை நாங்கள் யாரும் சொல்லவில்லை. பொரியலை அம்மா இலையின் ஓரத்துக்கு ஒதுக்குவதைப் பார்த்துவிட்டு அந்த அண்ணன் உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் வெறும் பருப்பும் மேலே ஒரு கரண்டி நெய்யும் கொண்டுவந்து வைத்தார், "அம்மா, இதப் போட்டு சாப்பிடுங்க, காரமே இருக்காது" என்றார். ரசம் டம்ளர் சூடாக இருக்கிறது என்று அதைச் சுற்றி ஒரு டிஷ்யூவை மடித்துக் கொடுத்தார். ஞாயிறு மதியக் கூட்டம், வாசலில் ஆள் நிற்கிறது, அவர் ஒருத்தரே ஆறேழு மேசையைப் பார்க்கிறார், இதற்கு நடுவில் இது. இதைத்தான் நான் சேவை என்று சொல்வேன். இப்போதெல்லாம் பல உணவகங்களில் மேசையில் ஒட்டியிருக்கும் க்யூஆரை நாமே ஸ்கேன் செய்து, நாமே ஆர்டர் போட்டு, தண்ணீரையும் நாமே எடுத்துக்கொள்கிறோம், ஆனாலும் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் பில்லில் ஏறிவிடுகிறது. அந்த மாதிரி இடங்களோடு இந்தக் கடையைச் சேர்க்கவே முடியாது. இங்கே உண்மையாகவே ஒரு மனிதர் நம்மைக் கவனிக்கிறார்.

சரி, பில்லுக்கு வருவோம். நாலு பேர். மீன் தலைக் கறி 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), இலைச் சாப்பாடு ஒன்று 8.50 வீதம் 34, சுக்கா 14, லைம் ஜூஸ் இரண்டு 8. ஆக 86 வெள்ளி. அதன்மேல் சேவைக் கட்டணம் 8.60. கூட்டினால் 94.60. அந்த 94.60க்கு ஜிஎஸ்டி 9 விழுக்காடு, 8.51. மொத்தம் 103 வெள்ளி 11 காசு. சேவைக் கட்டணத்துக்கும் சேர்த்துத்தான் வரி போடுகிறார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 10ம் 9ம் சேர்ந்து 19 என்றுதான் நினைப்போம், கையில் வருவது 19.9. மற்ற கடைகளில் விலையை ஜிஎஸ்டியோடு சேர்த்துத்தான் காட்ட வேண்டும் என்று இங்கே விதி இருக்கிறது, ஆனால் சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் அதிலிருந்து விலக்கு. மெனுவின் அடியில் வரியும் கட்டணமும் தனி என்று எழுதினால் போதும். அதனால்தான் நம் ஊரில் விலைக்குப் பக்கத்தில் பிளஸ் பிளஸ் (சேவைக் கட்டணமும் ஜிஎஸ்டியும் தனி) என்றால் சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிகிறது. இதுவரைக்கும் பழகிப்போன கதை, எனக்கு இதில் புகார் இல்லை.

காசு கொடுக்கும்போதுதான் மெஷின் வந்தது. கார்டைத் தட்டுவதற்கு முன் கல்லாவில் இருந்த பையன் மெஷினைத் திருப்பி என் பக்கம் நீட்டினான். திரையில் டிப்ஸுக்கு மூன்று பெரிய பொத்தான்கள், 10, 12, 15 விழுக்காடு. கீழே சின்ன எழுத்தில் 'வேண்டாம்'. எனக்குப் பின்னால் ஒரு குடும்பம் பில்லோடு நிற்கிறது, அந்த அண்ணன் பக்கத்திலேயே எங்கள் மேசையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், 'வேண்டாம்' என்பதை எல்லாருக்கும் முன்னால் அழுத்த வேண்டும். இன்னொன்றையும் பார்த்தேன். 10 விழுக்காட்டுப் பொத்தானில் போட்டிருந்த தொகை 10.31. அதாவது சாப்பிட்ட 86க்குக் கணக்குப் போடவில்லை, சேவைக் கட்டணமும் வரியும் சேர்ந்த 103.11க்குப் போட்டிருக்கிறார்கள். சேவைக்கு என்று ஒரு தடவை வாங்கிவிட்டு, அந்தக் கட்டணத்தின் மேலேயே இன்னொரு தடவை டிப்ஸ் கேட்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

எங்களோடு வந்திருந்தது நியூ ஜெர்சியில் இருக்கும் அத்தை மகள். அவள் 15ஐ அழுத்தக் கையை நீட்டிவிட்டாள், "அங்க இதைவிடக் கூடுதலாத்தான் கொடுப்போம்" என்றாள். அவள் மேல் தப்பே இல்லை, அவள் வாழும் நாட்டு நடைமுறை அப்படி. அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் வேலைக்கு மத்திய அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச ரொக்கச் சம்பளம் மணிக்கு 2.13 டாலர், 1991 முதல் அது ஏறவே இல்லை. மற்ற வேலைகளுக்கு உள்ள 7.25ஐ எட்ட மீதியை டிப்ஸ் நிரப்ப வேண்டும், நிரப்பாவிட்டால்தான் முதலாளி ஈடுகட்ட வேண்டும். சில மாநிலங்களில் இதைவிட நல்ல சட்டம் இருக்கிறது, இருந்தாலும் அடிப்படை இதுதான். அங்கே வாடிக்கையாளர் கொடுக்கும் டிப்ஸ் சம்பளத்தின் ஒரு பகுதி. சிங்கப்பூரில் அப்படி ஒரு சட்டமே கிடையாது. டிப்ஸ் வரும் என்று சொல்லி இங்கே யாருடைய சம்பளத்தையும் சட்டம் குறைத்து வைக்கவில்லை. அந்த நாட்டுக் காரணம் இல்லாமல் அந்த நாட்டுப் பொத்தான் மட்டும் எப்படி இங்கே வந்தது?

நான் எதையும் அழுத்தாமல் கல்லாவில் கேட்டேன், "தம்பி, இந்தக் காசு யாருக்குப் போகும்?" அவன் நல்ல பையன், மழுப்பவில்லை. "தெரியலக்கா, எல்லாம் கடை அக்கவுண்டுக்குத்தான் போகுது" என்றான். வெளியே வந்து, பரிமாறிய அண்ணனைக் கூப்பிட்டு அவர் கையில் அப்பா ஒரு பத்து வெள்ளி நோட்டை வைத்தபோது நான் மெதுவாகக் கேட்டேன், "அண்ணே, அந்தப் பத்து விழுக்காடு சேவைக் கட்டணத்துல உங்களுக்கு ஏதாவது வருமா?" அவர் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நமக்குச் சம்பளம் மட்டும்தான்க்கா, அது கடைக்குப் போறது" என்றார். அவ்வளவுதான். புலம்பவில்லை. முதலாளி நேரத்துக்குச் சம்பளம் போடுகிறார் என்றும் அவரே சொன்னார், அதையும் எழுதிவிடுகிறேன்.

இதில் கடை சட்டத்தை மீறியதாக நான் சொல்லவில்லை. சிங்கப்பூரில் சேவைக் கட்டணம் கடையின் வருமானம், அதை ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சில இடங்களில் கொடுக்கிறார்கள், பல இடங்களில் வாடகைக்கும் செலவுக்கும் போய்விடுகிறது. ஆனால் சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? என் சுற்றத்தில் கேட்டால் பாதிப் பேர் "அதான் பத்து பர்சன்ட் வாங்கிட்டாங்களே, அது அவங்களுக்குத்தானே" என்று சொல்லித்தான் டிப்ஸ் வைக்காமல் எழுந்து வருகிறார்கள். கஞ்சத்தனத்தில் வருவதில்லை அது. பரிமாறியவருக்குக் கொடுத்தாகிவிட்டது என்று மனதார நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையால் நஷ்டப்படுவது பரிமாறியவர் மட்டும்தான், வேறு யாருக்கும் ஒன்றும் குறையவில்லை. இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மற்ற நாடுகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். பிரிட்டனில் 2024 அக்டோபர் 1 முதல், டிப்ஸ் ஆனாலும் சேவைக் கட்டணம் ஆனாலும் முழுவதையும் ஊழியர்களுக்கே நியாயமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று சட்டம். இந்தியாவில் 2022 ஜூலையில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, விருப்பப்பட்டவர் கொடுக்கட்டும் என்று சொன்னது, உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டும் 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்துவிட்டது. ஒன்று, வாங்கு, ஆனால் உழைத்தவனுக்குக் கொடு. இன்னொன்று, தானாக வாங்காதே. இரண்டுமே எனக்கு நியாயமாகப் படுகின்றன. கட்டாயமாகவும் வாங்கி, ஊழியருக்கும் கொடுக்காமல், அப்புறம் ஊழியரைக் காட்டி மறுபடியும் கேட்பதுதான் மூன்றிலும் மோசம்.

சம்பளத்தை உயர்த்த இங்கே ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். உணவுச் சேவைத் துறைக்கு 2023 மார்ச் 1 முதல் படிப்படியாக உயரும் சம்பள முறை வந்தது, நல்ல விஷயம். அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். தேக்காவில் நமக்குச் சோறு போடுகிறவர்களில் எத்தனையோ பேர் வெளிநாட்டிலிருந்து வந்து வேலை பார்க்கிறவர்கள், அவர்களுக்கு இது பொருந்தாது.

உணவங்காடியில் (ஹாக்கர் சென்டரில்) இந்தக் குழப்பமே இல்லை. தேக்கா நிலையத்தில் பிரியாணிக்கு வரிசையில் நிற்கிறோம், நாமே தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறோம், 2021 செப்டம்பரிலிருந்து தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் நடவடிக்கை என்பதால் அதையும் நாமே கொண்டுபோய் வைக்கிறோம், சேவைக் கட்டணம் கிடையாது, பலகையில் எழுதிய விலைதான் விலை. அங்கே டிப்ஸ் வைக்காததற்கு யாரும் யாரையும் ஒரு மாதிரி பார்ப்பதில்லை. ஆனால் தீபாவளி வந்தால் வழக்கமாகப் போகும் கடையில் ரொட்டி போடும் தம்பிக்கு ஒரு நோட்டை மடித்துக் கொடுக்காத வீடு எனக்குத் தெரிந்த வட்டத்தில் குறைவு. நம் ஜனங்களுக்குக் கொடுக்கும் மனசு இல்லை என்று சொல்பவர்கள் அந்த நாளில் தேக்காவில் வந்து நின்று பார்க்கட்டும். வாடகைக் கார்ச் செயலியில்கூட டிப்ஸ் கேட்கும் திரை பயணம் முடிந்து ஓட்டுநர் போன பிறகுதான் வருகிறது, கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் யாரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை, அதனால் மனசு வந்து கொடுக்க முடிகிறது.

இந்தக் கடைக்குப் போவதானால் என் யோசனை இதுதான். பையில் ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி நோட்டு கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள், பேநவ் (போனிலேயே பணம் அனுப்பும் வசதி) இருக்கிறதே என்று காசே எடுக்காமல் போகாதீர்கள். மெஷினில் தயங்காமல் 'வேண்டாம்' அழுத்துங்கள், பரிமாறியவரைத் தேடிப் போய்க் கையில் கொடுங்கள். இலைக்கு அடியில் வைத்துவிட்டு வராதீர்கள், யார் எடுக்கிறார்கள் என்று தெரியாது. கூட்டத்தில் அவர் கண்ணில் படாவிட்டால் ஒரு நிமிடம் நில்லுங்கள், தப்பில்லை. சேவை மோசமாக இருந்தால் சேவைக் கட்டணத்தை எடுக்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம், எடுப்பதும் எடுக்காததும் கடையின் இஷ்டம்தான், ஆனால் இந்தக் கடையில் அப்படிக் கேட்க வேண்டிய நிலை வராது என்று தைரியமாகச் சொல்வேன்.

முதலாளிக்கு, ஒருவேளை இது உங்கள் கண்ணில் பட்டால்: உங்கள் கை மீன் தலைக் கறியில் பேசுகிறது, வாடகை ஏறிக்கொண்டே போவதும் ஆள் கிடைக்காததும் எங்களுக்கும் தெரியும். அந்த 10 விழுக்காடு கடைச் செலவுக்குத் தேவை என்றால் சாப்பாட்டு விலையிலேயே ஏற்றிவிடுங்கள், 8.50ஐ 9.50 ஆக்கினாலும் நாங்கள் வருவோம். சேவைக் கட்டணம் என்ற பெயரில்தான் வாங்குவேன் என்றால் அதில் எவ்வளவு ஊழியர்களுக்குப் போகிறது என்று மெனுவில் ஒரு வரி எழுதுங்கள். டிப்ஸ் திரையை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதில் வரும் காசை மாதா மாதம் பரிமாறுகிறவர்களுக்கும் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவர்களுக்கும் பிரித்துக் கொடுத்து, கொடுத்ததை அவர்களுக்குத் தெரியும்படி எழுதி வையுங்கள்.

சாப்பாட்டுக்கு நாலரை, கவனிப்புக்கு ஐந்து, பில்லுக்கு இரண்டு. மெனுவில் அந்த ஒரு வரி வந்துவிட்டால் கடையின் பெயரோடு, முகவரியோடு, மீன் தலையின் படத்தோடு இன்னொரு முறை எழுதுகிறேன், பில்லுக்கும் ஐந்து போட்டு.