இருபது ஆண்டு ஓடிய மாருதி 800-க்குப் புது வயரிங், புது ஸ்டீரியோ: ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக் கடை ஒன்றின் வேலை

எங்கள் வீட்டு மாருதி 800, 2004-ஆம் ஆண்டு பதிவானது. பதினைந்து ஆண்டு முடிந்து 2019-இல் ஒரு முறையும், 2024-இல் மறுமுறையும் பதிவைப் புதுப்பித்தோம். 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட கட்டணத்தையும் கட்டி, அடித்தகட்டில் துருவேறிய இடங்களைத் தட்டிப் பெயிண்ட் அடித்து எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) வாங்கிய பிறகு, இன்னும் ஐந்து ஆண்டுக்கு இந்த வண்டியை மனநிறைவோடு ஓட்ட வேண்டும் என்று அப்பாவும் நானும் தீர்மானித்தோம். அந்தத் தீர்மானத்தில் கடைசியாக மிஞ்சியிருந்த வேலை ஸ்டீரியோ.

2005-இல் அப்பா ஒரு கேசட் பிளேயரும், முன்கதவுகளில் இரண்டு நான்கு அங்குல ஸ்பீக்கர்களும், பின் பார்சல் ட்ரேயில் ஒரு ஜோடி ஆறுக்கு ஒன்பது அங்குல ஓவல் ஸ்பீக்கர்களும் பொருத்தியிருந்தார். 2012-இல் வேறொரு கடையில் கேசட் பிளேயரை எடுத்துவிட்டு, பென்டிரைவ் செருகும் பிளேயர் ஒன்றைப் போட்டார்கள். அன்றிலிருந்து தொல்லைதான். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கப் பாட்டுக்குப் பின்னால் ஒரு கீச்சொலி உயர்ந்துகொண்டே போகும். இடப்பக்கத்துப் பின் ஸ்பீக்கர் மூன்று ஆண்டாக வாயே திறக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊருக்குப் போய்விட்டு நான்கு நாள் கழித்து வந்து சாவியைத் திருகினால் செல்ஃப் எடுக்காது. இரண்டு பேட்டரிகளை இப்படிப் பறிகொடுத்தோம். பேட்டரி விற்றவர் பேட்டரியைக் குறை சொன்னார், எலக்ட்ரீஷியன் டைனமோவைக் குறை சொன்னார். ஸ்டீரியோவை யாரும் சந்தேகிக்கவில்லை.

அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் பிரியும் ஜெனரல் பாட்டர்ஸ் சாலை, சென்னையில் கார் அலங்காரப் பொருள்களுக்கும் ஸ்டீரியோவுக்கும் பெயர்போன தெரு. பளபளக்கும் பெரிய கடைகளுக்கு நடுவில், ஒரே ஒரு ஷட்டர் அகலமுள்ள சிறிய கடை ஒன்றை நண்பர் காட்டினார். நாளுக்கு ஒரு வண்டிக்கு மேல் எடுப்பதில்லை என்பதால் கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். அவர் விருப்பத்தை மதித்துப் பெயரை விட்டுவிட்டு, வேலையை மட்டும் விவரமாக எழுதுகிறேன். எல்லோரும் அவரை பாய் என்று அழைப்பதால் நானும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

எந்த பிளேயர் வேண்டும் என்று பாய் கேட்கவில்லை. பானெட்டைத் திறந்து, பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் இடையில் மல்டிமீட்டரை வைத்தார். சாவி எடுக்கப்பட்டிருந்த, எல்லாம் அணைந்திருந்த வண்டியில் மீட்டர் 0.28 ஆம்பியர் காட்டியது. பிளேயரின் ஃபியூஸைப் பிடுங்கியதும் அது 0.01-க்கு இறங்கியது. கணக்கை அவரே சொன்னார்: ஒரு நாளைக்கு ஏறத்தாழ 6.7 ஆம்பியர்-மணி வீதம் மூன்று நாளில் இருபது போய்விடும். 800-இல் இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. பழைய பேட்டரியாக இருந்தால் மிச்சத்தில் செல்ஃப் சுற்றாது. இத்தனை ஆண்டுத் தொல்லைக்கு விடை கிடைக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

காரணம் டாஷ்போர்டைக் கழற்றியதும் கண்ணுக்கே தெரிந்தது. பிளேயரிலிருந்து வரும் மஞ்சள் ஒயர் பேட்டரியிலிருந்து எப்போதும் கரண்ட் வாங்கி நேரத்தையும் ரேடியோ நிலையங்களையும் நினைவில் வைப்பதற்கானது; சிவப்பு ஒயர் சாவி திருகினால் மட்டும் கரண்ட் வர வேண்டியது. 2012-இல் வேலை செய்தவர்கள் இரண்டையும் சேர்த்து முறுக்கி ஒரே லைனில் கொடுத்திருந்தார்கள். முகப்பில் விளக்கு அணைந்தாலும் பிளேயர் உள்ளே முழுவதுமாகத் தூங்கவே இல்லை. பின் ஸ்பீக்கர்கள் இரண்டின் மைனஸையும் ஒன்றாக்கி, மிச்சம் பிடித்த ஒற்றை ஒயரில் முன்னுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மிகப் பழைய பிளேயர்கள் சிலவற்றில் அப்படிச் செய்ய முடிந்தது. இக்காலத்து பிளேயர்களிலோ ஒவ்வொரு ஸ்பீக்கரின் இரு முனைகளையும் உள்ளிருக்கும் ஆம்ப்ளிஃபயர் தனித்தனியாக இயக்குவதால், மைனஸ்களை ஒன்றாகச் சேர்ப்பதும் பாடியில் தொடுவதும் அந்த ஆம்ப்ளிஃபயர் ஐசியைச் சாகடிக்கும் வழி. இடப்பக்கத்து ஸ்பீக்கர் மௌனமானது ஸ்பீக்கரால் அன்று என்பது அப்போதுதான் விளங்கியது.

பழைய ஒயர் முழுவதையும் உருவி நாளிதழ் ஒன்றின் மேல் பரப்பினார்கள். அந்தக் குவியலை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னை வெயிலில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பின் பசை உருகி, வெல்லப்பாகு போல ஒழுகித் தூசியைப் பிடித்திருந்தது; விரலால் தொட்டால் நூல் இழுத்தது. மஞ்சள் ஒயரில் மட்டும் ஐந்து ஒட்டு இருந்தது, ஒவ்வொன்றும் பல்லால் கடித்துத் தோலுரித்துக் கையால் முறுக்கியது. வீடு திருவான்மியூரில், கடலுக்கு அருகில் என்பதால், ஒட்டுகளுக்குள் செம்பு பச்சைப் பொடியாகப் பூத்திருந்தது. கை வைத்ததும் ஓர் ஒட்டு பிரிந்தே வந்துவிட்டது. இருபது ஆண்டு அப்பா ஓட்டிய வண்டியின் டாஷ்போர்டுக்குப் பின்னால், பேட்டரிப் பக்கம் ஃபியூஸே இல்லாத லைனில் இது இருந்திருக்கிறது என்று நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது.

புது வயரிங்கில் பாய் காட்டிய கவனத்துக்காகவே இதை எழுதுகிறேன். பேட்டரி பிளஸிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஒன்று தனியாக உள்ளே வருகிறது. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ். பிளேயரின் பின்புறத்திலேயே ஒரு ஃபியூஸ் இருக்கிறதே என்று கேட்டேன். அது பிளேயரைக் காப்பது, இது ஒயரைக் காப்பது; நடுவழியில் தகட்டில் உரசித் தோல் உரிந்தால் பிளேயருக்குள் இருக்கும் ஃபியூஸால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே நுழையும் இடத்தில் தகட்டின் ஓரம் ஒயரை வெட்டாமலிருக்க ரப்பர் வளையம் (க்ரோமெட்) போட்டு, ஒயருக்கு மேல் நெளிவுக் குழாயும் மாட்டினார். ஒயரை வாங்கும்போதே நுனியில் ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிக் காட்டியதையும் சொல்ல வேண்டும். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசியது. சந்தையில் செம்பு என்று சொல்லி விற்கப்படுவதில் அந்த வகையும் ஏராளம். ஒரே தடிமனில் செம்பைவிட அதில் மின்தடை அதிகம், கடற்காற்றில் ஒட்டுகளும் விரைவில் கெடும்.

கீச்சொலிக்குக் காரணம் எர்த், அதாவது பிளேயரின் மைனஸ் ஒயர் வண்டியின் பாடியோடு சேரும் இடம். பழைய எர்த், டாஷ்போர்டைத் தாங்கும் ஒரு தகர ஸ்க்ரூவில், பெயிண்டுக்கு மேலேயே மாட்டப்பட்டிருந்தது. வால்யூமைக் கூட்டி வைத்து அந்த இடத்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே அளந்தபோது 0.9 வோல்ட் காட்டியது. டாஷ்போர்டுக்குப் பின்னால் பாடியோடு வெல்டிங் செய்யப்பட்ட தகட்டில் வெள்ளை உலோகம் தெரியும்வரை சுரண்டி, வளைய லக் போட்டு, பல் வாஷருடன் போல்ட் முடுக்கி, மேலே கிரீஸ் தடவினார். மறுபடி அளந்தால் 0.05 வோல்ட். கீச்சொலி அந்த நொடியே நின்றது. இதற்கென்று விற்கும் நாய்ஸ் ஃபில்டர் எதுவும் தேவைப்படவில்லை.

ஒட்டுகள் எல்லாம் கிரிம்ப் செய்து (உலோக உறைக்குள் வைத்து நெரித்து), சூடாக்கினால் சுருங்கும் குழாய் மாட்டியவை. பிளேயரோடு வந்த ஒயர்களை வெட்டவே இல்லை. நடுவில் ஐஎஸ்ஓ கப்ளர் என்னும் பொது அளவு இணைப்பான் ஒன்றைச் சேர்த்திருப்பதால், நாளை பிளேயரை மாற்றினால் கழற்றிச் செருகினால் போதும். கறுப்பு டேப்புக்குப் பதில் துணி டேப்.

ஸ்பீக்கர்களில் நான் எதிர்பாராதது நடந்தது. பின்னால் இருக்கும் ஓவல் ஜோடியை மாற்ற வேண்டாம் என்றார். கூம்பின் ஓரம் ஃபோமாக இருந்தால் இந்நேரம் உதிர்ந்திருக்கும், இது ரப்பர், இன்னும் நன்றாக இருக்கிறது என்று விரலால் அழுத்திக் காட்டினார். சாதாரண பென்சில் செல் ஒன்றை ஒயரின் மறுமுனையில் ஒரு கணம் தொட்டால் கூம்பு வெளியே துள்ள வேண்டும். வலப்பக்கம் துள்ளியது, இடப்பக்கம் உள்ளே போனது. ஒன்று தள்ளும்போது மற்றொன்று இழுத்தால் கனமான ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும் என்பதால், இடப்பக்கத்து முனைகளை மாற்றினார். 800-இல் பேஸே வராது என்று இத்தனை காலம் வண்டியைக் குறை சொன்னது தவறு.

முன்கதவுகளில்தான் செலவு செய்தோம். என் வண்டியின் டோர் பேடில் ஸ்பீக்கருக்கென்று கம்பெனி விட்ட இடம் எதுவும் இல்லை, பழைய துளையும் கோணலாக வெட்டியது. கதவின் ஆழமும் குறைவு. கண்ணாடி முழுவதும் இறங்கினால் ஸ்பீக்கரின் காந்தத்தில் இடிக்கும். மரைன் பிளைவுட்டில் வளையம் வெட்டி, தண்ணீர் ஏறாமல் பெயிண்ட் அடித்து, ஸ்பீக்கரை அரை அங்குலம் முன்னுக்குக் கொண்டுவந்தார். கதவுத் தகட்டின் உட்புறம் அதிர்வை அடக்கும் டாம்பிங் ஷீட் ஒட்டியதில் ஒலி திருந்தியதோடு, கதவைச் சாத்தும் சத்தமே கனமாகிவிட்டது. மழைநீர் வடிந்து கூம்பில் படாமலிருக்கப் பின்னால் பாலித்தீன் குடை போலவும் வைத்தார்.

பிளேயர் பயனியர் நிறுவனத்தின் ஒற்றை டின் (கார் பிளேயர்களுக்கான பொது அளவு) அளவிலானது. டிஸ்க் இல்லை, புளூடூத்தும் யுஎஸ்பியும் உண்டு. இவ்வகை பிளேயர்கள் எந்த நிறுவனத்தினுடையதானாலும், முகப்பில் அச்சிடப்படும் 50 வாட்ஸ் பெருக்கல் நான்கு என்பது உச்ச அளவு. 14.4 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுக்கக்கூடிய தொடர் திறன் கணக்குப்படியே 26 வாட்டைத் தாண்டாது, நடைமுறையில் அதற்கும் கீழே. 800-இன் சிறிய கேபினுக்கு அது தாராளம். ஆம்ப்ளிஃபயரும் வூஃபரும் போடலாமா என்று நான் ஆசையாகக் கேட்டபோது, “வித்தா எனக்கு லாபம்தான் சார். ஆனா இந்த பேட்டரிக்கும் டைனமோவுக்கும் அது பாரம். ஐயா ஓட்டுற வண்டி, வேணாம்” என்றார். விற்பனை கைநழுவும் என்று தெரிந்தும் அப்படிச் சொன்னவரை இத்துறையில் நான் முதன்முறையாகச் சந்தித்தேன்.

ஆன்டெனா கேபிளின் ஜாக்கையும் மாற்றியதால் 101.4 ரெயின்போ பண்பலை கரகரப்பில்லாமல் வருகிறது. அப்பாவுக்கு அதுவே பெரிது. பாடகரின் குரல் இப்போது கால்மாட்டிலிருந்து வராமல் டாஷ்போர்டின் நடுவிலிருந்து வருவது போல் கேட்கிறது. மிருதங்கத்தின் தொப்பி ஓசையும் தனியாகப் பிரிந்து தெரிகிறது. அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் இன்ஜின் இரைச்சல் இதை மறைத்துவிடும். அது வண்டியின் இயல்பு.

செலவு: பிளேயர் 5,600, முன் ஸ்பீக்கர்கள் 2,700, ஒயர், ஃபியூஸ், கப்ளர் வகையில் 2,300, டாம்பிங் ஷீட் 1,400, கூலி 3,000, ஆக 15,000 ரூபாய். கண்ணுக்குத் தெரியாத ஒயருக்கும் கூலிக்கும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனது என்று வீட்டில் கேட்டார்கள். போன இடம் சரியானது என்பது என் உறுதியான கருத்து.

குறைகளும் உண்டு. ஒரு நாள் என்றவர் இரண்டு நாள் எடுத்தார். டோர் பேடின் காய்ந்த கிளிப்புகள் இரண்டு உடைந்தன. புதுப்பேட்டைக்கு நானே போய் வாங்கிவர வேண்டியிருந்தது. முதல் வாரத்தில் வலக்கதவில் ஒரு கடகடப்பு கேட்டு மறுபடி போனேன். காசு வாங்காமல் சரிசெய்தாலும், அரைநாள் விடுப்பு போயிற்று. கூலிக்கு ரசீது கேட்டு வாங்க வேண்டியிருந்தது. வண்டி நிறுத்த இடமும் கிடைப்பதரிது. பத்தரை மணிக்குள் போய்விடுவது நல்லது.

வேலை முடிந்து ஐந்தாம் நாள், வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்த வண்டி முதல் திருகலிலேயே கிளம்பியது. சாவி இல்லாத நிலையில் மீட்டர் காட்டுவது இப்போது 0.02 ஆம்பியர். கிளம்பும் முன் பாய் ஒரு வெள்ளைத்தாளில் ஒயர் நிறங்களை வரிசையாக எழுதி, எந்த ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று படமும் போட்டு, கிளவ் பாக்ஸின் உட்புறம் ஒட்டிக் கொடுத்தார். சென்ற மாதம் ஹாரன் ரிலே மாற்ற வந்த எலக்ட்ரீஷியன் டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு லைனைப் பிடித்தார். தாளைக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, மஞ்சள் ஒயரை விட்டுவிட்டு ஃபியூஸ் பெட்டியிலிருந்து தனி லைன் எடுத்தார்.