மின்முலாம் முறையில் வளர்த்த செம்பு உறை: ஒரு மாதம் அளந்து பார்த்த பிறகு

மாதிரிகளில் உள்ள மிகக் குறைந்த கதிரியக்கத்தைக் காமா கதிர்கள் மூலம் அளக்கும் எங்கள் ஜெர்மேனியம் டிடெக்டர் நிலத்தடியில் இருக்கிறது. வெளியே ஈயக் கவசம், உள்ளே செம்பு உறை. பழைய உறை கடைச் செம்பு, பல வருடம் தரைக்கு மேல் கிடந்தது. காஸ்மிக் கதிர்கள் பட்டு அதற்குள் கதிரியக்கமுள்ள கோபால்ட்-60 உருவாகியிருந்தது. ஸ்பெக்ட்ரத்தில் 1173, 1332 கேவியில் (கிலோ எலக்ட்ரான் வோல்ட், கதிரின் ஆற்றல் அலகு) அதன் இரண்டு மேடுகள் எப்போதும் தெரியும். மாதிரியில் கோபால்ட் இருக்கிறதா என்று யாராவது கேட்டால் பதில் சொல்லவே கூச்சமாக இருக்கும்.

அதனால் மின்முலாம் முறையில் சுத்தமாக வளர்த்த புதிய செம்பு உறை வாங்கினோம். ஈயத்தை இப்படிச் சுத்தம் செய்ய முடியாது. அதில் கலந்திருக்கும் கதிரியக்க ஈயம்-210உம் ஈயம்தான், வேதியியலால் அதைத் தனியாகப் பிரிக்க வழியில்லை. அரை ஆயுள் சுமார் 22 வருடம், அது சிதையும்வரை காத்திருக்க வேண்டியதுதான். இத்தாலியில் குவோரே (CUORE) என்ற நியூட்ரினோ ஆய்வுச் சோதனைக்கு மூழ்கிய ரோமானியக் கப்பலின் ஈயத்தை எடுத்தது அதனால்தான். செம்பு அப்படியில்லை. சல்பேட் கரைசலில் மின்சாரம் செலுத்தினால் செம்பு மட்டும் தகட்டில் படியும். யுரேனியம், தோரியம், கோபால்ட் எல்லாம் பெரும்பாலும் கரைசலிலேயே தங்கிவிடும்.

நாங்கள் ஆர்டர் கொடுத்த நிறுவனம் 5 மி.மீ. தடிமனுக்கு உறையை இப்படி வளர்த்துக் கொடுத்தது. மாதக்கணக்கில் ஆனது, அதில் எனக்குக் குறையில்லை. அவசரப்பட்டு மின்னோட்டத்தை ஏற்றினால் படிவு முண்டும் முடிச்சுமாக வளரும், இடுக்குகளில் கரைசல் மாட்டிக்கொள்ளும். விமானத்தில் அனுப்ப வேண்டாம் என்றேன், ஏன் என்று கேட்காமலே புரிந்துகொண்டார்கள். அந்த உயரத்தில் கோபால்ட் மறுபடி உருவாகும் வேகம் பல மடங்கு அதிகம்.

கோபம் வந்தது பெட்டியைத் திறந்தபோது. ஒரே ஒரு பிளாஸ்டிக் பை, அதுவும் ஓரத்தில் கிழிந்திருந்தது. செம்பின் மேல் விரல் ரேகைகள்! கடைசல் எண்ணெயின் மினுமினுப்பும் போகவில்லை. இத்தனை மாதம் அணு அணுவாகச் சுத்தம் செய்ததை வெறும் கையால் தொட்டிருக்கிறார்கள். காற்றில் உள்ள ரேடான் என்ற கதிரியக்க வாயுவின் வாரிசுகள், அதாவது அது சிதைந்து உண்டாகும் தனிமங்கள், ஒட்டிக்கொள்வதும் இந்த மேற்பரப்பில்தான். அப்படியே உள்ளே வைக்க எனக்கு மனம் வரவில்லை. கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து மேல்தோலை நாங்களே அரித்தெடுத்தோம். அப்புறம் சிட்ரிக் அமிலத்தில் முக்கி, நைட்ரஜனில் உலர்த்திப் பொருத்தினோம்.

ஒரு மாத ஸ்பெக்ட்ரத்தில் அந்த இரண்டு மேடுகளையும் தேடினேன். ஏற்ற இறக்கத்துக்கு மேல் எதுவும் எழவில்லை. 2614 கேவியில் தோரியம் வரிசையின் கோடு மட்டும் அப்படியே நிற்கிறது. அது எங்கள் டிடெக்டரின் அலுமினிய மூடியிலிருந்து வருவதாக இருக்கலாம், இவர்கள் மேல் பழி போட மாட்டேன்.

அடுத்து அடித்தட்டையும் இவர்களிடமே வாங்கப் போகிறேன். ஆனால் கடைசலுக்குப் பின் அமிலக் கழுவலும், நைட்ரஜன் நிரப்பிய இரட்டைப் பிளாஸ்டிக் பையும் ஆர்டரிலேயே எழுதிக் கொடுத்துவிடுவேன்.