நிலையின்மையா, ஸ்திரமின்மையா, உறுதியின்மையா?

செய்தி மொழிபெயர்ப்பில் 'இன்ஸ்டெபிலிட்டி' வராத வாரம் கிடையாது. அரசியல் செய்தி என்றால் நான் இப்போது நிலையின்மை என்றுதான் எழுதுகிறேன்.

ஸ்திரமின்மை தெளிவான சொல்தான். இலங்கைப் பத்திரிகைகளில் தாராளமாகப் புழங்குகிறது. வடசொல் என்பதற்காக அதை நான் தள்ளவில்லை. உறுதியின்மையில் வேறு சிக்கல். 'அரசு உறுதியற்று இருக்கிறது' என்றால் முடிவெடுக்கத் தயங்குகிறது என்று படிப்பவர்களே அதிகம். 'உறுதியற்ற தகவல்' என்றால் சரிபார்க்காத தகவல். இலங்கை மத்திய வங்கி சொல்லும் 'விலை உறுதிப்பாடு' தெளிவாகவே இருக்கிறது. எதிர்மறையாக்கும்போதுதான் பொருள் நழுவுகிறது.

என்னை முடிவெடுக்க வைத்தது வினைச்சொல். செய்தியில் பெயர்ச்சொல் ஒருமுறை வந்தால், வினை பத்து முறை வரும். 1996 முதல் 1999 வரையிலான டெல்லியை எழுதிப் பாருங்கள். 1996இல் வாஜ்பாயின் அரசு 13 நாளுக்கு மேல் நிலைக்கவில்லை. தேவகவுடாவும் குஜ்ராலும் பிரதமரானார்கள். அந்த ஆட்சிகளும் நிலைக்கவில்லை. 1998இல் திரும்பி வந்த வாஜ்பாய் அரசு, அ.தி.மு.க. ஆதரவை விலக்கியதும் நிலைகுலைந்து, 1999 ஏப்ரலில் ஒரே வாக்கு வித்தியாசத்தில் கவிழ்ந்தது. அந்த ஆண்டு தேர்தலுக்குப் பிறகுதான் ஆட்சி நிலைபெற்றது. நிலைக்க, நிலைகுலைய, நிலைபெற என்று எல்லாம் ஒரே வேரிலிருந்து கிடைக்கின்றன; வாசகர் இழையை விடாமல் படிக்கலாம். ஸ்திரத்தை வைத்துக்கொண்டு 'ஸ்திரமாக இருக்கவில்லை', 'ஸ்திரமடைந்தது' என்று ஒவ்வொரு முறையும் துணைவினையைச் சேர்க்க வேண்டும். நான்கு வரி தாண்டினால் வாக்கியம் கனத்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. நிலையின்மை வேறு, நிலையாமை வேறு. திருக்குறளில் நிலையாமை 34ஆவது அதிகாரம்; உடலும் செல்வமும் அழியக்கூடியவை என்பதே அங்கே பேச்சு. 'அரசியல் நிலையாமை' என்று எழுதினால் துறவறம் பேசுவதுபோல் ஆகிவிடும்.

எல்லா இடத்துக்கும் இந்தச் சொல்லை நான் சிபாரிசு செய்யமாட்டேன். தக்காளி விலைக்கு ஏற்ற இறக்கம் போதும்; இலங்கையில் தளம்பல் என்பார்கள், அழகான சொல். மலைச்சரிவு, கட்டுமானம் பற்றி நான் அதிகம் எழுதியதில்லை. மண்ணின் வலுவைப் பேசும் அங்கே உறுதியின்மையே பொருத்தமாக இருக்கலாம்.