பசு எப்போது இரைமீட்டது? நேரம் குறிக்க எக்செலா, போரிஸா, ஈலானா

பெரும்போக நெல் வயலில் நிற்கும் மாதங்களில் மட்டக்களப்பின் படுவான்கரையில் உள்ள மாட்டுப்பட்டிகள் மேற்கே மாதவணை, மயிலத்தமடுப் பக்கத்து மேய்ச்சல்தரைகளுக்குப் போய்விடும். அறுவடை முடிந்ததும் தாள் நிற்கும் வயல்களுக்குத் திரும்பும். அப்படித் திரும்பி வந்த ஒரு பட்டியில்தான், பட்டப்படிப்பின் கடைசி வருட ஆய்வுக்காக ஆறு பசுக்களை வீடியோ எடுத்தேன். கேள்வி சின்னது: பகலில் ஒரு பசு எவ்வளவு நேரம் மேய்கிறது, எவ்வளவு நேரம் இரைமீட்கிறது, எவ்வளவு நேரம் படுத்திருக்கிறது? வீடியோ எடுக்க எட்டு நாள் போதுமாக இருந்தது. அதைப் போட்டுப் பார்த்து, ஒவ்வொரு செயலும் தொடங்கிய செக்கனையும் முடிந்த செக்கனையும் கையால் குறிக்க மூன்று மாதம் போனது.

மாட்டின் கழுத்தில் மாட்டும் உணரிகள் இருக்கின்றனவே, இன்னும் ஏன் கையால் குறிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த உணரி சொல்வது சரியா என்று பார்க்கவும் யாராவது ஒருவர் வீடியோவைப் பார்த்துக் குறித்த நேரம்தான் அளவுகோலாக வேண்டும். அதனால் இந்த வேலை இன்னும் கொஞ்சக் காலத்துக்கு நம் தலையில்தான்.

நான் மூன்று வழிகளில் குறித்திருக்கிறேன். முதலில் வீடியோ ஓட்டும் விஎல்சியும் எக்செலும், பிறகு போரிஸ் (BORIS), கடைசியில் ஈலான் (ELAN). பின்னவை இரண்டும் வீடியோவில் நேரம் குறிக்கவென்றே செய்த மென்பொருள்கள். எக்செல் ஏற்கெனவே கையில் இருந்தால் மூன்றுக்கும் காசு வேண்டியதில்லை. ஒப்பிடும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான். செயல் தொடங்கும்போது யாரும் குறித்துவிடுவார்கள், கண் அங்கேதான் இருக்கும். அது முடிவதைத்தான் தவறவிடுவோம். பசு மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கும் கணத்தில் நாம் கொட்டாவி விட்டிருப்போம். தவறவிட்ட முடிவை மென்பொருள் நமக்குக் காட்டிக்கொடுக்குமா, திருத்த விடுமா என்பதுதான் என் கேள்வி.

விஎல்சியும் எக்செலும்

எல்லோரும் இங்கேதான் தொடங்குகிறார்கள். ஒரு பக்கம் வீடியோ ஓடும், மறு பக்கம் எக்செல் தாள். நிறுத்து, நேரத்தைப் பார், தட்டு, மறுபடி ஓட்டு. விஎல்சியில் ஈ விசையை அழுத்தினால் ஒவ்வொரு படச்சட்டமாக முன்னே நகரும். ஆனால் ஒரு சட்டம் பின்னே போக அப்படி ஒரு விசை இல்லை. நேரமும் முழுச் செக்கனாகத்தான் தெரியும். பசு படுத்திருந்த நேரத்துக்கு அது போதும்.

தலைவலி எக்செலில்தான் இருக்கிறது. 12 நிமிடம் 40 செக்கன் என்று நினைத்து 12:40 என்று தட்டினால், அது அதைப் பகல் பன்னிரண்டு மணி நாற்பது நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். கழித்தால் கிடைக்கும் விடையும் அறுபது மடங்கு பெருத்திருக்கும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பெருத்திருந்தால் கண்டுபிடித்துவிடலாம். வீடியோ ஒரு மணி நேரத்தைத் தாண்டியதும் நாமே 1:05:20 என்று சரியாகத் தட்டத் தொடங்குவோம், அங்கேதான் இரண்டும் கலந்துவிடும். நான் இரண்டு நாள் கணக்கை முழுதாகத் திரும்பச் செய்தேன். 0:12:40 என்று மணியையும் சேர்த்துத் தட்டுவது ஒன்றே மருந்து. மொத்தம் 24 மணி நேரத்தைத் தாண்டினால் கலத்தின் வடிவத்தையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் 26 மணி நேரம் 2 மணி நேரமாகத் தெரியும்.

தவறவிட்ட முடிவு? எக்செலில் அது வெற்றுக் கலம், அவ்வளவுதான். தாள் ஒன்றும் சொல்லாது. பத்து நிமிட வீடியோ மூன்று நான்கு என்றால் இந்த வழி போதும். அதற்கு மேல் போகாதீர்கள்.

போரிஸ்

இத்தாலியின் டுரின் பல்கலைக்கழகத்தில் ஒலிவியே ஃபிரியார், மார்கோ கம்பா இருவரும் உருவாக்கியது. 2016 இல் இதை விளக்கும் கட்டுரையை வெளியிட்டார்கள். திறந்த மூல மென்பொருள். விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். விலங்கு நடத்தையைப் பார்ப்பவர்களை மனதில் வைத்துச் செய்தது என்பது தொட்டவுடனேயே தெரியும்.

வீடியோவைத் திறக்குமுன் நடத்தைப் பட்டியலை எழுதச் சொல்லும். ஒவ்வொரு நடத்தைக்கும் ஒரு விசை. அது கொஞ்ச நேரம் நீளும் செயலா, ஒரு கணத்தில் முடிவதா என்றும் கேட்கும். மேய்தல் நீளும் செயல், சாணம் போடுதல் கணச் செயல். வீடியோ ஓட ஓட விசையை அழுத்தினால் தொடக்கம், அதே விசையை மறுபடி அழுத்தினால் முடிவு. கை பழகிவிட்டால் வேகம் வேறு எதிலும் வராது.

முடிவைத் தவறவிட்டால் அந்தத் தொடக்கம் துணையில்லாமல் நிற்கிறது என்று போரிஸ் சுட்டிக்காட்டும். இது பெரிய நிம்மதி. ஆனால் ஒரு முடிவையும் அடுத்த தொடக்கத்தையும் சேர்த்தே தவறவிட்டால் கணக்கு ஜோடியாகத்தான் இருக்கும், பிழை மறைந்துவிடும். இதற்கு ஒரு வழி உண்டு. ஒன்று நடக்கும்போது மற்றது நடக்காது என்று விலக்கு அட்டவணையில் குறித்துவைத்தால், இரைமீட்டலுக்கான விசையை அழுத்தியதும் மேய்தல் தானாக முடிந்துவிடும். என் பசுக்களுக்கு நான் நிற்றல், படுத்தல், நடத்தல் மூன்றையும் ஒரு கூட்டாகவும் மேய்தல், இரைமீட்டல், சும்மாயிருத்தல் மூன்றையும் இன்னொரு கூட்டாகவும் வைத்தேன். படுத்துக்கொண்டே இரைமீட்கலாம் அல்லவா? எல்லாவற்றையும் ஒரே கூட்டில் போட்டவர்களின் தரவில் பசு இரைமீட்கத் தொடங்கியதும் எழுந்துவிட்டது போல ஆகிவிடும்.

எங்களுக்குக் கைகொடுத்த இன்னொன்று, துண்டு துண்டான கோப்புகள். கமரா ஏறக்குறைய 4 கிகாபைட் வந்ததும் புதிய கோப்பைத் தொடங்கிவிடும். போரிஸில் அவற்றை வரிசையாகச் சேர்த்தால் ஒரே தொடர்ச்சியான நேரமாக எண்ணிக்கொள்ளும். ஈலானில் பல வீடியோவைச் சேர்த்தால் அவை ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கமாக ஓடும். அது இரண்டு கமராவுக்கு நல்லது, துண்டுக் கோப்புக்கு உதவாது. முதலில் வேறு மென்பொருளில் ஒட்டிக்கொண்டு வர வேண்டும்.

ஓடும் வேகத்தைக் கூட்டும் ஆசை வரும். ஒன்றைக் கண்டு விரல் அழுத்தக் கால் செக்கன் அளவு ஆகும். நான்கு மடங்கு வேகத்தில் அந்தக் கால் செக்கன் வீடியோவில் ஒரு செக்கன். தொடக்கமும் முடிவும் இரண்டுமே பிந்துவதால் நீண்ட செயலின் மொத்த நேரம் பெரிதாக மாறாது. நீர் குடிப்பது போன்ற சிறு செயல்களுக்கு மட்டும் வேகத்தைக் குறைத்துவிடுவேன்.

முடிவில் ஒவ்வொரு பசுவும் எந்தச் செயலில் எத்தனை தரம், மொத்தம் எவ்வளவு நேரம், நூற்றுக்கு எத்தனை பங்கு என்று நேரக் கணக்கை அதுவே தரும். எக்செலில் நான் ஒரு வாரம் செய்த வேலை அது.

ஈலான்

நெதர்லாந்தின் நைமேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தின் மென்பொருள். பேச்சையும் சைகையையும் ஆராய்பவர்களுக்காக வந்தது. மாட்டுக்கு ஏன் என்று என் மேற்பார்வையாளரும் கேட்டார்.

வீடியோவுக்குக் கீழே நேரக்கோடு. அதில் அடுக்கடுக்காகக் கோடுகள், ஒவ்வொரு பசுவுக்கும் ஓர் அடுக்கு. செயல் என்பது அந்த அடுக்கில் ஒரு துண்டு. துண்டென்றால் தொடக்கமும் முடிவும் சேர்ந்தே பிறக்கும், துணையற்ற தொடக்கம் என்ற பேச்சே இல்லை. ஒரே அடுக்கில் இரண்டு துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் முடியாது. துண்டாக்கும் முறையில் ஒரு விசையைத் தட்டத் தட்ட ஒன்றின் முடிவே அடுத்ததின் தொடக்கமாகும்படி வைக்கலாம். பெயரைப் பிறகு எழுதலாம், தமிழிலேயே எழுதலாம். கண் ஒரு வேலையில், மனம் ஒரு வேலையில் என்று பிரிவதால் களைப்புக் குறைவு.

குறைகளும் உண்டு. விசைக்கு ஒரு நடத்தை என்று ஓட்டிக்கொண்டே போகும் போரிஸின் வேகம் இதில் எனக்கு வரவில்லை. ஆறு மணி நேர வீடியோவை ஈலானில் குறிக்க, போரிஸைவிட ஏறக்குறைய அரை மடங்கு அதிக நேரம் எடுத்தது. நேரக் கணக்கு மட்டும் அதன் புள்ளிவிவரச் சாளரத்தில் கிடைக்கும்.

கினோவியா என்ற மென்பொருளைப் பற்றியும் கேட்கிறார்கள். அது விளையாட்டு வீரர்களின் அசைவைப் பார்க்க நல்லது. நிறுத்துகடிகாரத்தைப் படத்தின்மேலேயே வைக்கலாம், கோணம் அளக்கலாம். விண்டோஸில் மட்டும் ஓடும். மணிக்கணக்கான வீடியோவில் நூற்றுக்கணக்கான செயலைக் குறிக்கும் வேலைக்கு அதை எடுக்க வேண்டாம்.

திருத்தும் நாள் வந்தபோது

நான் பெரும்பாலும் போரிஸில்தான் குறித்தேன். நானும் என் சிநேகிதியும் ஒரே இருபது நிமிடத்தைத் தனித்தனியாகக் குறித்து ஒப்பிட்டோம். இரண்டு பேரின் ஒத்துப்போதலை அளக்க ஜேக்கப் கோஹன் 1960 இல் தந்த கப்பா எண்ணை போரிஸே கணக்கிட்டுத் தரும். மேய்தலில் நாங்கள் ஒத்துப்போனோம். இரைமீட்டலில் இல்லை.

பசு ஒரு கவளத்தை ஏறக்குறைய ஒரு நிமிடம் மெல்லும், விழுங்கும், சில செக்கன் வாய் அசையாமல் இருக்கும், பிறகு அடுத்த கவளம் மேலே வரும். சிநேகிதி அந்த இடைவெளியிலெல்லாம் முடிவு குறித்திருந்தாள். நான் குறிக்கவில்லை. நாற்பது நிமிட இரைமீட்டல் அவளுக்கு நாற்பது துண்டு, எனக்கு ஒன்று. ஒரு நிமிடச் சுற்றில் 5 செக்கன் என்றால் மொத்த நேரத்திலும் நூற்றுக்கு 8 பங்கு இடிக்கும். தொடக்கத்திலும் தகராறு. வாய் அசைந்ததும் நான் அழுத்தினேன், வாயில் மிஞ்சிய வைக்கோலைப் பசு மென்றதும் அதில் சேர்ந்துவிட்டது.

பட்டிக்கார ஐயாவிடம் லப்டொப்பைக் கொண்டுபோய்க் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்தார். "புள்ள, வாயப் பாக்காத, கழுத்தப் பாரு. உருண்டை மேல வருதா? அதுதான் இரைமீட்குது" என்றார்.

வரைவிலக்கணத்தை அன்றே மாற்றி எழுதினோம். முதல் கவளம் கழுத்தில் ஏறுவது தொடக்கம். கடைசிக் கவளம் இறங்கியபின் 20 செக்கனுக்குள் அடுத்தது வராவிட்டால், அது இறங்கிய கணம் முடிவு. பிறகு குறித்த எல்லாவற்றையும் திருத்த வேண்டியிருந்தது. போரிஸில் ஒவ்வொரு குறியாகத் திறந்து நேரத்தை எண்ணால் மாற்ற வேண்டும். ஈலானில் கழுத்து தெரியும் இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டு, துண்டின் ஓரத்தைப் பிடித்து அங்கே இழுத்துவிடலாம். இரைமீட்டலை மட்டும் ஈலானுக்கு மாற்றியது அதனால்தான். இன்று தொடங்குபவருக்கும் இதையே சொல்வேன்: மேய்தல், படுத்தல், நடத்தல் எல்லாம் போரிஸில். எல்லை எங்கே என்று நீங்களே இன்னும் தடுமாறும் செயல் ஏதாவது இருந்தால், அது ஒன்றை ஈலானில்.

ஐயா சொன்ன கழுத்து எங்கள் வீடியோவில் மூன்றில் ஒரு பங்கில் தெரியவே இல்லை, பசுவின் பின்னாலிருந்து எடுத்திருந்தோம். அந்த மணித்தியாலங்களை இரைமீட்டல் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, அடுத்த கிழமை கமராவைத் தூக்கிக்கொண்டு மறுபடி பட்டிக்குப் போய்ப் பக்கவாட்டில் நிறுத்தினோம்.