பேசி முடிப்பதா, ஆணையரிடம் செல்வதா: பணியிட விபத்து இழப்பீட்டுக்கு மூன்று வழிகள்

பட்டறையில் விரலை இழந்த தொழிலாளி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவதற்குள், முதலாளியின் ஆள் ஒரு தொகையோடும் 'முழுத் தீர்வு' என்று எழுதிய ஒரு தாளோடும் வந்து நிற்பது கோவை, திருப்பூர், ஓசூர் வட்டாரங்களில் புதிதல்ல. அந்தத் தாளில் கையெழுத்திடலாமா, சமரச மையத்துக்கோ மக்கள் நீதிமன்றத்துக்கோ போகலாமா, இழப்பீட்டு ஆணையராகச் செயல்படும் தொழிலாளர் துணை ஆணையரிடம் மனுச் செய்து வழக்கை நடத்தலாமா என்பதைத் தீர்மானிக்கும் முன், சட்டப்படி வர வேண்டிய தொகை எவ்வளவு என்பதைக் குடும்பத்தார் கணக்கிட்டுக் கையில் வைத்திருக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ளவர் அதன் கழகத்திடமே பலன் பெற வேண்டும் என்பதால், இங்கே பேசப்படுவது அதற்கு வெளியே நிற்பவர்களைப் பற்றி மட்டுமே.

1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது. எனினும் அத்தொகுப்பு நடைமுறைக்கு வருமுன் நடந்த விபத்துகளுக்கு அந்தப் பழைய சட்டமே அடிப்படை என்பதால், அதன் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். மாதக் கூலி 15,000 ரூபாய் பெறும் 30 வயதுத் தொழிலாளி ஒருவர் பவர் பிரஸ் இயந்திரத்தில் கட்டைவிரலை முழுவதும் இழந்தார் என்று கொள்வோம். கூலியில் 60 விழுக்காடாகிய 9,000 ரூபாயை அவர் வயதுக்குரிய 207.98 என்ற காரணியால் பெருக்கினால் 18,71,820 ரூபாய் வரும். கட்டைவிரல் இழப்புக்கு அச்சட்டத்தின் அட்டவணை தரும் 30 விழுக்காட்டின்படி அவருக்குச் சேர வேண்டியது 5,61,546 ரூபாய். மருத்துவச் செலவை இதற்கு மேல் தனியாகத் தர வேண்டும். முதலாளி கூலி 10,000 ரூபாய்தான் என்று வாதிட்டு வென்றால் தொகை 3,74,364 ரூபாயாகக் குறையும். நேர்மையான பேரம் நடக்கக்கூடிய இடம் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் மட்டுமே உள்ளது. அதற்குக் கீழே 'ஒரு லட்சம் வாங்கிக்கொள்' என்று பேசுவதைச் சமரசம் என்று ஏற்க என்னால் முடியவில்லை.

நேர்ப்பேச்சின் பலம் வேகம். வீட்டு வாடகைக்கும் மருந்துக்கும் பணமில்லாத குடும்பத்துக்கு அடுத்த வாரம் வரும் பணம் அடுத்த ஆண்டு வரும் பணத்தைவிடப் பெரிது என்பதை யாரும் மறுக்க முடியாது. சட்டமும் பேச்சுக்கு எதிரி அன்று. பொதுவாக, பேசித் தீர்க்க முடியாத கேள்வி எழுந்த பிறகே ஆணையரிடம் மனுச் செய்யலாம் என்று 22ஆம் பிரிவே சொல்கிறது. ஆனால் பேசி முடித்த மொத்தத் தொகைக்கான உடன்பாட்டை முதலாளி ஆணையருக்கு அனுப்பிப் பதிவு செய்ய வேண்டும் என்பது 28ஆம் பிரிவு. தொகை போதாது என்றோ, ஏமாற்றியோ நெருக்கியோ கையெழுத்து வாங்கப்பட்டது என்றோ கண்டால் ஆணையர் பதிவை மறுக்கலாம். அனுப்பாமலே விட்டுவிட்டால் முழு இழப்பீடும் முதலாளியின் தலையில் விழுவதோடு, ஆணையர் வேறுவிதமாகக் கட்டளையிட்டாலன்றி, ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்குமேல் அவர் கழித்துக்கொள்ளவும் முடியாது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்பது 17ஆம் பிரிவு. இந்த மூன்று பிரிவுகளையும் அறியாததால்தான், வெள்ளைத் தாளில் கைநாட்டு வைத்தவர்கள் எல்லாம் முடிந்துவிட்டது என்று நம்பி ஊர் திரும்புகிறார்கள். தமிழ் படிக்கத் தெரியாத ஒடிசா, பீகார்த் தொழிலாளர்களிடம் தமிழில் எழுதிய தாளை நீட்டுவது இன்னும் கொடியது.

உயிரிழப்பில் நேர்ப்பேச்சுக்கு இடமே இல்லை. இழப்பீட்டை ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும். குடும்பத்தாரிடம் மூன்று மாதக் கூலி அளவுக்கு முன்பணம் தரலாமே தவிர, மற்றபடி நேரில் கொடுத்தது கணக்கில் வராது.

சமரச மையமும் மக்கள் நீதிமன்றமும் ஒன்றாகவே பேசப்பட்டாலும் இரண்டின் இயல்பும் வேறு. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005இல் தொடங்கிய சமரச மையம் போன்ற இடங்களில், பயிற்சி பெற்ற சமரசர் இரு தரப்பையும் சேர்த்தும் தனித்தனியாகவும் கேட்பார், முடிவைத் திணிக்கமாட்டார். கூலி எவ்வளவு, ஒப்பந்தக்காரர் பொறுப்பா முதன்மை முதலாளி பொறுப்பா என்பன போன்ற சிக்கல்களை அவிழ்க்க இதற்கு நிகரில்லை. மக்கள் நீதிமன்றத்திலோ ஒரே நாளில் பல வழக்குகள் எடுக்கப்படும். அங்கே பிறக்கும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு இணையானது, அதன்மீது மேல்முறையீடும் கிடையாது. காப்பீட்டு நிறுவனம் எதிர்த்தரப்பாக இருந்து, பொறுப்பு யாருடையது என்பதில் தகராறில்லாமல் தொகையில் மட்டும் இழுபறி இருந்தால் இது மிகவும் ஏற்ற வழி. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும் என்பதால், அவரிடம் கணக்கைக் காட்டிய பிறகே கையெழுத்திட வேண்டும்.

ஆணையர் முன் வழக்கு நீளமானது. மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், மருத்துவச் சான்றும் சாட்சியும் நோட்டீசுமாக அது நீண்டுகொண்டே போகும். ஆனாலும் தாமதத்துக்கு விலை உண்டு. விபத்து நாளிலிருந்தே இழப்பீடு கடனாகிவிடுகிறது என்று உச்ச நீதிமன்றம் 1976இல் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி என்றால், மேலே சொன்ன தொழிலாளிக்கு இரண்டாண்டில் ஏறக்குறைய 1,34,771 ரூபாய் கூடும். தக்க காரணமின்றித் தாமதித்த முதலாளிமீது 50 விழுக்காடு வரை அபராதமும் விதிக்கலாம். வாகன விபத்து வழக்கொன்றில், அந்த அபராதம் காப்பீட்டு நிறுவனத்தைச் சேராது, முதலாளியையே சேரும் என்று 1997இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தொகை வராவிட்டால் நிலவரிப் பாக்கியைப் போல வசூலிக்கவும் வழியுண்டு. அவர் தன் வேலைக்காரரே இல்லை என்று முதலாளி மறுக்கும் இடத்தில் பேச்சில் காலம் கழிப்பது வீண். அங்கே சாட்சியத்தை வைத்து வழக்கு நடத்துவதுதான் முறை.

என் பரிந்துரை வழக்கையும் பேச்சையும் சேர்த்து நடத்துவது. மனுவுக்குக் கெடு இரண்டு ஆண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையர் ஏற்கலாம் என்றாலும், 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று முதலாளி சொல்லிக்கொண்டிருக்கும்போதும் அந்தக் கெடு ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே கணக்கிட்ட தொகைக்கு முதல் மறுப்பு வந்ததுமே மனுவைத் தாக்கல் செய்துவிட்டு, அதன் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடரலாம். பேச்சு படிந்தால் அந்த உடன்பாட்டை ஆணையர் முன்னிலையிலேயே பதிவு செய்யலாம்.