மெக்கானிக்கல் ட்ரிகரா எலக்ட்ரானிக் ட்ரிகரா? கொழும்பில எயார் பிஸ்டல் எடுக்கிற ஆக்களுக்கு

புதுசா எடுத்த எயார் பிஸ்டல்ல சைட்டும் (குறி பாக்கிற பாகம்) ட்ரிகரும் சேர்ந்து என்னை ஒரு மாசம் அலைக்கழிச்சது, ஆனா அந்த ஒரு மாசத்திலதான் மெக்கானிக்கல் ட்ரிகர் எடுத்தது சரியான முடிவு எண்டு எனக்கு வடிவா விளங்கினது. ரேஞ்சில புதுசா சேருற தம்பிமார் தங்கச்சிமார் எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி "அண்ணா, எலக்ட்ரானிக் எடுக்கிறதா மெக்கானிக்கல் எடுக்கிறதா" எண்டுதான், ஒவ்வொருத்தருக்கும் நிண்டு விளங்கப்படுத்த நேரம் காணாது, அதால எல்லாத்தையும் ஒரு இடத்தில எழுதிப் போடுறன். நான் மெக்கானிக்கல் பக்கம், அதை முதலே சொல்லிப்போட்டன்.

ரெண்டுக்கும் பொதுவானதைக் கெதியாச் சொல்லிட்டுப் போறன். ரெண்டும் 4.5 மில்லிமீட்டர் பெலட் (சின்னக் குண்டு), ரெண்டும் 200 பார் காத்துச் சிலிண்டர், சிலிண்டருக்குப் பொதுவா 10 வருஷம்தான் ஆயுள். பிஸ்டல்ட பாரம் 1500 கிராமுக்கு மேல போகக் கூடாது, ட்ரிகரை அமத்தத் தேவையான பாரம் 500 கிராமுக்குக் குறையக் கூடாது, போட்டியெண்டா 75 நிமிஷத்துக்குள்ள 60 ஷொட். மொரினி, ஸ்டெயர், வால்தர் எண்டு பேர் எடுத்த கம்பெனிகள் ரெண்டு வகையும் செய்யுது. துல்லியத்தைப் பற்றி மண்டையை உடைக்கத் தேவையில்லை, எங்கட கையை விட ரெண்டுமே கெட்டித்தனம் கூடினதுகள்.

இப்ப என்ட கதை. முதல் நாள் சுட்டது எல்லாம் எட்டாம் வளையத்தில, இடப்பக்கம் கொஞ்சம் கீழ. இலக்கில நடுவில இருக்கிற பத்தாம் வளையம் 11.5 மில்லிமீட்டர், ஒரு சேர்ட் பொத்தான் அளவுதான், எட்டில விழுகுதெண்டா நடுவில இருந்து கிட்டத்தட்ட 18 மில்லிமீட்டர் தள்ளி விழுகுது எண்டு அர்த்தம். சரி எண்டு சைட் ஸ்க்ரூவைப் பாத்தா எச் எண்டும் டி எண்டும் அடிச்சிருக்கு. ஜெர்மன் பாஷையில ஹோக் எண்டா உயரம், டீஃப் எண்டா பள்ளம். மேல ஏத்தோணும்தானே எண்டு எச் பக்கம் திருப்பினன், திருப்பத் திருப்ப இன்னும் கீழ போகுது. அந்த எழுத்து சொல்லுறது பெலட் எங்க விழுகுது எண்டதை, எங்க போகோணும் எண்டதை இல்லை, அதாவது மேல விழுந்தா எச் பக்கம் திருப்போணும், கீழ விழுந்தா டி பக்கம். ஜெர்மன் முறையில செய்த சைட்டுகள்ல இதைத் தெரியாமல் பெலட் டப்பா டப்பாவா முடிச்ச ஆக்களை நான் பிறகு கனபேரைக் கண்டிருக்கிறன், அதால இதை முதல்ல மனசில வையுங்கோ.

உயரம் சரி வந்த பிறகும் இடப்பக்கம் சரி வரேல்ல. பின்னுக்கு இருக்கிற சைட்டை எந்தப் பக்கம் நகத்துறமோ பெலட்டும் அந்தப் பக்கம்தான் போகும், அதால வலப்பக்கம் நாலு கிளிக் வச்சன், அண்டைக்கு நடுவில விழுந்தது, அடுத்த நாள் திரும்ப இடப்பக்கம். கடைசியா சைட் தகட்டை விரல் நகத்தால மெல்லத் தட்டிப் பாத்தன், ஆடுது. கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத் தெரியுது. தகட்டைப் பிடிச்சுக்கொண்டிருக்கிற சின்ன ஸ்க்ரூ இறுக்காமலே வந்திருக்கு. பழைய சோனகத் தெருவில ஒரு நல்ல அலன் கீ செட் வாங்கி, அளவா இறுக்கினதோட ஆட்டம் நிண்டது. இன்னொண்டு, கிளிக் ஸ்க்ரூவில எப்பவும் கொஞ்சம் வெறும் இடைவெளி இருக்கும், அதால தேவைக்கு மேல ரெண்டு கிளிக் தாண்டிப் போய்த் திரும்பி வந்து நிப்பாட்டுறன், கடைசித் திருப்பு எப்பவும் ஒரே பக்கமா இருக்கோணும்.

அதுக்குப் பிறகும் ஒன்பதுக்கும் எட்டுக்கும் இடையில இடப்பக்கம் ஒரு கூட்டம் விழுந்துகொண்டுதான் இருந்தது. நான் திரும்ப அலன் கீயை எடுக்க எங்கட கோச் கையைப் பிடிச்சார், "மல்லி, சைட்டைத் தொடாத, மண்மூட்டையில வச்சு அஞ்சு சுடு" எண்டார். சுட்டன், அஞ்சும் நடுவில. அப்ப சைட் சரி, பிழை ட்ரிகர்ல, இல்லாட்டி என்ட விரல்ல. வலக்கைக்காரர் ட்ரிகரை உதறி இழுத்தா பெலட் பொதுவா இடப்பக்கம்தான் போகும். மண்மூட்டையில வச்சுப் பாக்காமல் சைட்டை மாத்திக்கொண்டே போனா, ட்ரிகர் பிழையைச் சைட்டுக்குள்ள ஒளிச்சு வைக்கிற மாதிரி, பிறகு ட்ரிகர் சரி வாற அண்டைக்கு எல்லாம் வலப்பக்கம் போகும்.

மெக்கானிக்கல் ட்ரிகர் ரெண்டு கட்டமா வேலை செய்யும். முதல் கட்டம் மெல்ல வந்து ஒரு இடத்தில முட்டி நிக்கும், அதுக்குப் பிறகு கொஞ்சம் கூட அமத்த உடையோணும், கண்ணாடிக் குச்சி முறியுற மாதிரி. என்ட பிஸ்டல்ல முட்டின பிறகு மண்ணில இழுக்கிற மாதிரி அரைஞ்சு அரைஞ்சு போய்த்தான் உடைஞ்சது. உள்ளுக்குப் பிடிச்சுக்கொண்டிருக்கிற கொக்கி தேவைக்கு மேல ஆழமாப் பிடிச்சிருக்கு எண்டதுதான் காரணம். அதைச் சரிபண்ண ஒரு ஸ்க்ரூ இருக்கு, மனுவல்ல படத்தோட போட்டிருக்கு, ஒரு தரத்துக்கு எட்டில ஒரு பங்கு திருப்பு, அதுக்கு மேல வேண்டாம். அளவுக்கு மிஞ்சிக் குறைச்சா பிடி நழுவி ட்ரிகரைத் தொடாமலே வெடிக்கும், அதால ஒவ்வொரு தரமும் பெலட் போடாமல், பிஸ்டல்ட வாய் இலக்குப் பக்கம் பாத்தபடி, வெறுமையாச் சோதிச்சன். மூண்டு பின்னேரம் போனது. மூண்டாவது பின்னேரம் அது முறிஞ்சு உடைஞ்ச அந்த உணர்வு இப்பவும் விரல்ல இருக்கு.

ட்ரிகர் பாரம் பாக்கிறதுக்குச் செட்டியார் தெருவில எங்களுக்குத் தெரிஞ்ச நகைக்கடை ஐயாட்ட ஒரு பித்தளைக் கட்டியைக் குடுத்து, கொளுக்கியும் சேர்த்து சரியா 500 கிராமுக்கு அராவித் தாங்கோ எண்டன். அவர் தங்கம் நிறுக்கிற தராசில வச்சு ரெண்டு தரம் நிறுத்துக் காட்டித் தந்தார். பிஸ்டலை நிமிர்த்திப் பிடிச்சு, கட்டியை ட்ரிகர்ல கொளுவித் தூக்கோணும், வெடிக்காமல் தூக்கினாச் சரி. போட்டியில மூண்டு தரம்தான் தூக்க விடுவினம், ஒண்டிலயும் தூக்காட்டி வெளிய போக வேண்டியதுதான், அதால நான் 500ல நிப்பாட்டாமல் 515 கிராம் அளவில வச்சிருக்கிறன்.

எலக்ட்ரானிக்கைக் குறைச்சுச் சொல்ல வரேல்ல. அதில விரல் அமத்திறது ஒரு சுவிட்சைத்தான், மிச்சத்தை கரண்ட் பாத்துக்கொள்ளும். கொக்கி தேயுறது இல்லை, அரையுறது இல்லை, ஆயிரமாவது ஷொட்டும் முதலாவது மாதிரியே உடையும். காத்துச் செலவில்லாமல் வீட்டில ட்ரை ஃபயர் பண்ணவும், அதாவது பெலட் போடாமல் வெறுமையா ட்ரிகர் அமத்திப் பழகவும், வசதி. நண்பன்ட எலக்ட்ரானிக்ல ஒரு நூறு ஷொட் அளவில சுட்டிருக்கிறன், உண்மையா அழகு, என்டதை விடச் சுத்தமா உடையுது. வருஷக்கணக்கா அதோட பழகேல்ல, அதால நீண்டகாலக் கதையை அதை வச்சிருக்கிறவைட்ட கேளுங்கோ.

ஆனா கொழும்பில முடிவு பண்ணுறது அது எவ்வளவு அழகா உடையுது எண்டது இல்லை, பழுதானா ஆர் திருத்துறது எண்டதுதான். எங்களுக்குக் கடல் காத்து, வெள்ளவத்தையில கடல் பக்கத்து ஒழுங்கையில இருக்கிற எனக்கு யன்னல் கம்பியே ரெண்டு வருஷத்தில துருப்பிடிக்குது. அந்த நண்பன் இருக்கிறது தெஹிவளையில. ஒக்டோபர் மழை தொடங்கி ரெண்டாம் கிழமை அவன்ட பிஸ்டல்ல லைட் எரியுது, ட்ரிகர் அமத்தினா சிலநேரம் வெடிக்குது, சிலநேரம் பேசாமல் இருக்குது. பற்றரி மாத்தினான், முனையெல்லாம் துடைச்சான், சிலிக்கா ஜெல்லோட பெட்டிக்குள்ள ரெண்டு நாள் வச்சான். முதலாம் குறுக்குத் தெருவில ஃபோன் போர்ட் திருத்துற கெட்டிக்காரப் பெடியன் ஒருத்தன்ட்ட காட்டினான், போர்டுக்கு மேல பிசின் ஊத்தி மூடி வச்சிருக்கு, சர்க்கியூட் படமும் இல்லை, நான் கை வச்சா முழுசாப் போயிடும் அண்ணா எண்டு நேர்மையாத் திருப்பிக் குடுத்தான். பிறகு வெளிநாட்டுக்கு அனுப்பித்தான் திருத்தினது. 1916ம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டளைச் சட்டம் இண்டைக்கும் அமுல்ல இருக்கிற நாட்டில பிஸ்டல் சாமான் ஒண்டை வெளிய அனுப்பி உள்ள எடுக்கிறது ஃபோன் பார்சல் மாதிரி இல்லை, ஒவ்வொரு பேப்பரா அலைஞ்சு எடுத்து நாலு மாசம், அந்த நாலு மாசத்தில ஒரு போட்டியும் போச்சு. பிஸ்டல் கையில இருந்தும் ஒண்டும் செய்ய ஏலாமல் அவன் ரேஞ்ச் வாங்கில இருந்து எங்களைப் பாத்துக்கொண்டிருந்தது எனக்கு இப்பவும் கவலை.

டோக்கியோ ஒலிம்பிக்கில இந்திய வீராங்கனை மனு பாக்கருக்கு நடந்ததைச் சிலபேர் எலக்ட்ரானிக்குக்கு எதிராச் சொல்லுவினம். பிஸ்டல் நடுவில பழுதாகி, ரேஞ்சை விட்டுப் போய்த் திருத்தி வந்து, 575 எடுத்து 12ம் இடம், முதல் எட்டுப் பேருக்குத்தான் ஃபைனல். முதல்ல எலக்ட்ரானிக் ட்ரிகர் எண்டுதான் செய்தி வந்தது, பிறகு கொக்கிங் லீவர் (சுட முன்னம் இழுத்து விடுற பிடி) உடைஞ்சது எண்டு பயிற்சியாளர் பக்கத்தில சொன்னவை, அதால அதை ஒரு பக்கத்துக்கு மட்டும் சாட்சியா எடுக்க ஏலாது. 2024ல பாரிஸ்ல அதே 10 மீட்டர் எயார் பிஸ்டல்ல அவ வெண்கலம் எடுத்தா. ஆனா அந்த அளவு ஆக்களுக்குப் பக்கத்தில ஆயுதம் திருத்துறவர் இருப்பார், கையில இன்னொரு பிஸ்டல் இருக்கும். எங்களுக்கு ஒண்டே ஒண்டு.

அதால ரெண்டாவது பிஸ்டல் வாங்க வசதி உள்ள ஆக்கள், இல்லாட்டி வருஷத்துக்கு ஒருக்கா வெளிநாட்டுப் போட்டிக்குப் போய் அங்க கம்பெனி ஆக்கள்ட்ட காட்டக்கூடிய ஆக்கள், தாராளமா எலக்ட்ரானிக் எடுங்கோ. திருப்பி விக்கிறதைப் பற்றி நான் பெருசாச் சொல்ல ஏலாது, நான் வித்துப் பாக்கேல்ல, ஆனா எங்கட ரேஞ்சில கைமாறினது நான் கண்டது எல்லாம் மெக்கானிக்கல்தான். இன்னொண்டு, இடப்பக்கம் போகுது எண்டதுக்காக எலக்ட்ரானிக்குக்கு மாறாதையுங்கோ. ஆடுற சைட் எலக்ட்ரானிக்லயும் ஆடும், உதறுற விரல் அங்கயும் உதறும்.

மெக்கானிக்கலுக்கும் பராமரிப்பு இருக்குத்தான். சுட்டு முடிய வெளிய லேசா எண்ணெய்த் துணியால துடைக்கிறன், ட்ரிகர் உள்ளுக்கு மனுவல்ல சொன்னதைத் தவிர வேற எண்ணெய் விடுறதில்லை, தூசி ஒட்டி அதே அரைச்சல் திரும்ப வரும். ஸ்பிரிங் மெல்ல மெல்ல இளகும், அதால மாசத்தில முதல் ஞாயிறு பித்தளைக் கட்டியை எடுத்துத் தூக்கிப் பாக்கிறன். போன மாசம் தூக்கேல்ல, பாதி வழியில வெடிச்சிட்டுது. பாரம் கூட்டுற ஸ்க்ரூவைக் கால் திருப்பு இறுக்கினன், திரும்பக் கொளுவினன், மூண்டு தரமும் தூக்கினது. பத்து மணிப் பயிற்சிக்கு நேரத்தோட லேன்ல நிண்டன்.